இரண்டு இருபத்தைந்துக்கு ஒரு குட் மார்னிங்

அத்தியாயம் 4

என் தம்பி மகன் ஹரீஷ்குமார் பேனாவின் மூடியைக் கழற்றி, என் பக்கம் நீட்டினான். நான் வாங்கவில்லை.

"படிக்காம கையெழுத்துப் போடற பழக்கம் எனக்கில்ல," என்றேன்.

"எம்.பி.ஏ. படிச்சவர் எழுதின லெட்டர், பெரியப்பா."

"அதனாலதான் ரெண்டு தடவை படிக்கணும்."

மேஜையில் இரண்டு கடிதங்கள். முதலாவது, தரப் பரிசோதகர் நாஸியாவை வேலையிலிருந்து நீக்குவது. இரண்டாவது, அதே நாஸியா மீது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய புகார். பன்னிரண்டு மணிக்கு விசாரணை முடிகிறது. அதற்குள் இரண்டிலும் பங்குதாரர் கையெழுத்து வேண்டும். ஒசூர் தொழிற்பேட்டையில் ஸ்கூட்டர்களுக்கு பிரேக் டிரம் செய்யும் முனிவீரப்பா இண்டஸ்ட்ரீஸில் பாதிப் பங்கு என்னுடையது. முனிவீரப்பா என் அப்பா. அவர் பெயர் தொழிற்சாலை வாசலில் இரண்டாள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது. தம்பி போன பிறகு அந்தப் பெயரைக் காக்கும் வேலையை இவனிடம் விட்டோம். இவன் பிளான்ட் ஹெட் ஆகி இதுவரை அதற்குச் செய்தது, எழுத்துகளுக்குள் நீல விளக்குப் போட்டது மட்டும்.

நான் முப்பத்தொரு வருடம் போலீஸில் இருந்து, குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். இப்போது ராயக்கோட்டை சாலையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறேன். உதவிக்கு வெங்கடம்மா. தாலுகா அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் டைப்பிஸ்டாக இருந்துவிட்டு, அங்கே பொய் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதாகச் சலித்துக்கொண்டு என்னிடம் வந்தவள். வாய்க்குப் பூட்டு கிடையாது. அன்றும் என் பின்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விஷயம் இதுதான். பதினொரு நாளுக்கு முன் காலை ஷிப்டில் நாஸியா ஒரு லாட் டிரம்மில் விரிசல் கண்டுபிடித்து, கம்ப்யூட்டரில் அதை நிறுத்தி வைத்தாள். அன்று மதியம் இரண்டு இருபத்தைந்துக்கு யாரோ அதை விடுவித்தார்கள். லாரி எல்லை தாண்டி ஸ்கூட்டர் கம்பெனிக்குப் போனது. சோதனை ஓட்டத்தில் ஒரு டிரம் பிளந்து, வண்டி ஓட்டியவனுக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. யார் விடுவித்தது என்பதற்கு ஒரே சாட்சி, லாரி டிரைவர் வாசலில் காட்டிய பிரிண்ட் காகிதம்.

கடிதம் எழுதிய எம்.பி.ஏ., மனிதவளப் பிரிவு அதிகாரி பிரகாஷ், அதை பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார், தங்கப் பத்திரம் போல. உச்சியில் நாஸியாவின் பெயர். நடுவில் ஒரு பெட்டி. அதில் லாட் நம்பர், விடுவித்த நேரம் 14:25, கீழே வரிசையாக மூன்று சின்னக் கட்டங்கள். மை தீர்ந்துபோன பிரிண்டர், கட்டத்துக்குள் இருந்த எழுத்து பாதி மங்கல். கடைசி வரி மட்டும் பளிச்சென்று இருந்தது: இது கணினி உருவாக்கியது, கையெழுத்துத் தேவையில்லை.

"கையெழுத்தே வேணாம்னு எழுதிட்டு, நம்மகிட்ட கையெழுத்துக் கேக்கறாங்களேய்யா," என்றாள் வெங்கடம்மா.

பிரகாஷ் அவளைப் பார்க்கவில்லை. பெயரே தெளிவாக இருக்கும்போது வேறென்ன சார் வேண்டும் என்று என்னைக் கேட்டார். பெயரைத் தாண்டி ஒரு அங்குலம் கீழே அவர் கண் இறங்கவே இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. இப்படிப்பட்டவர்களை ஸ்டேஷனில் வாசல் காவலுக்குக்கூட நிறுத்தமாட்டோம்.

வெங்கடம்மா என் தோளுக்கு மேல் எட்டிக் காகிதத்தைப் பார்த்தாள். "ஐயா, பேருக்கு முன்னாடி என்ன போட்டிருக்கு பாருங்க."

பார்த்தேன். 'குட் மார்னிங், நாஸியா.'

"மத்தியானம் ரெண்டு இருபத்தஞ்சுக்கு குட் மார்னிங். உங்க கம்பெனில எல்லாரும் இவ்ளோ லேட்டாவா எந்திரிப்பாங்க?"

ஹரீஷ்குமார் சிரித்தான். அது சாப்ட்வேர் கோளாறு பெரியப்பா, அதையெல்லாம் யாரும் பார்க்கமாட்டார்கள் என்றான். யாரும் பார்க்காததைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்று சொல்லிவிட்டு எழுந்தேன். மணி பத்து ஐந்து. பேனா மேஜையில் திறந்தபடி காய்ந்துகொண்டிருந்தது.

நாஸியா விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு வயது இருக்கும். அழவில்லை. அழுதிருந்தால் இரண்டு கேள்வியோடு போயிருப்பேன். பக்கத்தில் அவள் அப்பா கரீம். கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருப்பவர். விசாரணைக்குள் வர அவருக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆனாலும் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து அசையாமல் இருந்தார். போலீஸ் புகார் போனால் இந்தப் பேட்டையில் வேறு எந்த கேட்டும் தன் மகளுக்குத் திறக்காது என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றாள். வாசலைத் தாண்டினது எப்போது என்றேன். அன்று மழை, பெண்கள் பஸ் வரவில்லை, மூன்று மணி வரை உள்ளேயே பஸ் ஷெட்டில் நின்றதாகச் சொன்னாள். கூட யாரும் இல்லை. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரு பொய்யும் அவள் சொல்லவில்லை. பஸ் வந்தது என்று சொல்லியிருக்கலாம்.

"நான் நிறுத்தின லாட்டை நானே எதுக்குங்க விடணும்?" என்றாள். "விடறதா இருந்தா நிறுத்தாமலே இருந்திருப்பேன்."

கம்ப்யூட்டரில் லாட்டை நிறுத்தும் அந்தப் பக்கத்தில் உனக்கு என்னென்ன வேலை என்று கேட்டேன்.

"லாட் நம்பர் போட்டா நடுவுல பெட்டி மாறும். கீழ ரெண்டு பட்டன் வரும். ஹோல்டு, ரிலீஸ். அவ்ளோதாங்க."

வெங்கடம்மா நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் பேனா ஒரு கணம் நின்று, பிறகு ஓடியதை நான் கவனித்தேன்.

தரப் பரிசோதனை மேஜை இயந்திரக் கூடத்தின் மூலையில் இருந்தது. எண்ணெய்ப் புகைக்குப் பயந்து மானிட்டருக்கு பிளாஸ்டிக் உறை. உறையின் மேல் ஒரு காகிதம், தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும்: ரீஃப்ரெஷ் செய்யாதே. எழுதியவன் யாரென்று பெயர் இல்லை. இந்தத் தொழிற்சாலையில் உத்தரவுகள் எல்லாம் அனாதைகள்.

நாஸியாவை வேலைக்கு வர வேண்டாமென்று நிறுத்தியதிலிருந்து இரண்டாவது ஷிப்ட் பரிசோதகர் மாடசாமிதான் காலை ஷிப்டையும் பார்க்கிறார். தெற்கத்திக்காரர். கேட்டதற்கு மேல் பேசமாட்டார், கேட்டதைப் பாதியில் நிறுத்தமாட்டார். முழுப் பக்கமும் திரும்ப வர நாலு நிமிஷம் ஆகும் என்றார். சர்வர் பெங்களூரில் இருக்கிறதாம். நாலு நிமிஷம் லைன் நின்றால் சூப்பர்வைசர் கத்துவார். அதனால் காலை ஆறு மணிக்குத் திறந்த பக்கத்தை ராத்திரி பத்து மணி வரை யாரும் மூடுவதில்லை.

"அப்ப உங்க ஷிப்ட் வந்தா உங்க பேர்ல எப்படி வேலை செய்வீங்க?" என்றேன்.

"பக்கத்துல ஒரு சின்ன ஜன்னல் தொறந்து எம் பேரு, பாஸ்வேர்டு போடுவேம் சார். அது சட்டுனு வந்துரும். அதை மூடிட்டுப் பழைய பக்கத்துலயே வேலை பாப்பேம். ஆறு வருஷமா எல்லாருமே அப்படித்தான்."

"மேலே பழைய ஆள் பேர் இருக்குமே?"

"அதை யாரு சார் பாக்கா."

ஒரு தொழிற்சாலை முழுக்க, ஆறு வருடமாக, அடுத்தவன் பெயருக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஒருவனுக்கும் கூசவில்லை. சம்பவத்தன்று இரண்டு இருபதிலிருந்து இரண்டே முக்கால் வரை எங்கே இருந்தீர்கள் என்று மாடசாமியைக் கேட்டேன். ஸ்டோரில் ஹெல்மெட் எண்ணிக்கொண்டிருந்தாராம். யார் அனுப்பியது என்றதற்கு, மேலேயிருந்து சொன்னாவ சார் என்று கூரையைப் பார்த்தார். கூரையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர் பிரிவு என்பது மாடிப்படிக்கு அடியில் ஏ.சி. போட்ட ஒரு அறை. அதில் மணிகண்டன். இந்தப் பக்கத்தை எழுதியவன் இவன்தான். முன்பெல்லாம் ஒரு பட்டனை அழுத்தினால் முழுப் பக்கமும் பெங்களூர் போய்த் திரும்பி வருமாம். இவன் வந்துதான் அதை மாற்றினானாம். இப்போது நடுவில் உள்ள பெட்டி மட்டும் சர்வருக்குப் போய் புதுசாகத் திரும்பி வரும். மேலே இருக்கும் தலைப்பு, இடது பக்கப் பட்டியல் எல்லாம் தொடப்படாமல் அப்படியே நிற்கும். கண் சிமிட்டும் நேரத்தில் வேலை முடியும் என்று விரலைச் சொடுக்கிக் காட்டினான்.

"அந்த வணக்கம், பேரு, இதெல்லாம்?"

"அது முதல் தடவை பக்கம் வர்றப்ப போட்டது சார். பெட்டிக்கு வெளியே இருக்கு. மாறாது."

"யார் அழுத்தினாங்கன்னு சர்வர்ல இருக்குமே?"

லாகின் பதிவு ஏழு நாளுக்குமேல் வைப்பதில்லை, இடம் போதாது என்றான். லாட் பதிவில் நேரம் மட்டும் சேர்கிறது, ஆள் பெயர் சேரவில்லை. ஏன் என்றேன். பெயர்தான் மேலேயே இருக்கிறதே சார் என்றான். ஒரு பெண்ணின் வாழ்க்கை ஆடிக்கொண்டிருக்கிற கயிறு அது. இவன் அதைச் சொல்லிவிட்டு வடையைக் கடித்தான்.

"ஐயா, எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்," என்றாள் வெங்கடம்மா. "டவுன் பஸ் மத்தூர் போர்டோட காலைல கெளம்புது. நடுவுல டிரைவர் மாறிட்டான். வண்டி கல்லாவிக்குப் போகுது. போர்டை மட்டும் எவனும் திருப்பலை. இவங்க போர்டைப் பாத்து மத்தூர்க்காரனைப் புடிச்சிருக்காங்க."

மணிகண்டன் கொஞ்சம் யோசித்து, ஆமாம் என்று ஒப்புக்கொண்டான். பிறகு, அந்தப் பெண் பேர் தலைப்பில் இருப்பதால் மட்டும் அவள்தான் அழுத்தினாள் என்று ஆகாது, ஆனால் அவள் அழுத்தவில்லை என்றும் ஆகாது என்றான். அவன் அன்று சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வாக்கியம் அது.

காகிதத்தை உறையிலிருந்து எடுத்து அவன் முன் வைத்தேன். பதினொரு நாளாக அது பிரகாஷின் அலமாரியில் பூட்டியிருந்தது. எழுதியவனிடம் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இந்தப் பெட்டிக்குக் கீழே எத்தனை பட்டன்?"

எண்ணினான். மூன்று. மங்கிய எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான். ஹோல்டு, ரிலீஸ், டைரக்ட் டிஸ்பேச். வடை கையிலேயே நின்றது.

"நாஸியா தனக்கு ரெண்டு பட்டன்தான் வரும்னு சொல்லுது," என்றாள் வெங்கடம்மா.

பெட்டி சர்வரிலிருந்து வரும்போது, அப்போது லாகினில் இருக்கிற ஆளின் பதவியைப் பார்த்துத்தான் பட்டன்கள் வரும் என்றான் மணிகண்டன். குரல் இறங்கிவிட்டது. பரிசோதகருக்கு இரண்டு. ரிலீஸ் அழுத்தினால் லாட் ஒரு மணி நேரம் காத்திருந்துதான் கேட்டுக்குப் போகும். மூன்றாவது பட்டன் அழுத்தினால் அந்த நிமிஷமே லாரி கிளம்பலாம்.

"மூணாவது எத்தனை பேருக்கு வரும்?"

அவன் ஜன்னலுக்கு வெளியே, ஹரீஷ்குமாரின் கார் நிற்கும் இடத்தைப் பார்த்தான்.

சில நேரம் பதில் தெரிந்த பிறகும் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று மனிதன் நினைப்பான். நான் நினைக்கவில்லை. காகிதத்தை மடிக்காமல் உறைக்குள் திரும்ப வைத்தேன். மாடிப்படி ஏறும்போது வெங்கடம்மா நோட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்தாள். அவள் வாயையும் மூடியிருந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

பதினொன்றரைக்கு எல்லாரையும் தரப் பரிசோதனை மேஜைக்கு வரச் சொன்னேன். ஹரீஷ்குமார், பிரகாஷ், நாஸியா. கரீமையும் கூப்பிட்டேன். வெளியாள் எதற்கு என்றார் பிரகாஷ். அவர் உட்கார நாற்காலி எங்கே என்று நான் திருப்பிக் கேட்டேன்.

நாஸியாவை அவள் பெயரில் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். ஆளை நிறுத்தியவர்கள் அவள் பாஸ்வேர்டை நிறுத்த மறந்திருந்தார்கள். இவர்கள் செய்யும் அநியாயம்கூட அரைகுறைதான். பக்கம் வர நாலு நிமிஷம் ஆனது. திரையில் முதலில் தலைப்பு வந்தது. 'குட் மார்னிங், நாஸியா.' பிறகு பட்டியல். பிறகு பெட்டி. அவள் லாட் நம்பரைப் போட்டாள். கீழே இரண்டு பட்டன்.

"இப்ப நீ உக்காரு," என்றேன் ஹரீஷ்குமாரிடம். "பக்கத்துல ஜன்னல் தொறந்து உன் பேர் போட்டு மூடு. அப்புறம் இதே பக்கத்துல லாட் நம்பர் போடு."

"பாஸ்வேர்டு ஞாபகம் இல்ல பெரியப்பா."

"பதினொரு நாளைக்கு முன்னாடி இருந்துச்சு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். எண்பது பேர் வேலை செய்யும் கூடத்தில், வாசலில் தாத்தா பெயர் எரிய, அவனால் வேறென்ன செய்ய முடியும். பாஸ்வேர்டை ஒரே தடவையில் சரியாக அடித்தான். ஜன்னலை மூடினான். பழைய பக்கத்தில் லாட் நம்பர் போட்டான். பெட்டி மட்டும் ஒரு கணம் வெளிறி, திரும்ப வந்தது.

தலைப்பு அசையவில்லை. 'குட் மார்னிங், நாஸியா.' கீழே மூன்று பட்டன்.

பிரகாஷ் குனிந்து பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். முதல்முறையாக அவர் கண் பெயரைத் தாண்டிக் கீழே இறங்கியது.

"பெரியப்பா, வெளிய போய்ப் பேசலாம்," என்றான் ஹரீஷ்குமார். "இது நம்ம குடும்ப விஷயம்."

"குடும்ப விஷயமா இருந்திருந்தா அன்னைக்கே வீட்டுக்கு வந்து சொல்லியிருப்ப."

அன்று லாரி போகாவிட்டால் எல்லைக்கு அப்பால் அவர்கள் லைன் நின்றுபோயிருக்கும் என்றான். ஒன்றிரண்டு டிரம்மில்தான் விரிசல் இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னான். மாடசாமியை ஹெல்மெட் எண்ண அனுப்பியதை ஒப்புக்கொண்டான். பிறகு, அவனைப் பொறுத்தவரை மிகப் பெரிய நியாயமாகத் தோன்றியதைச் சொன்னான்.

"அவ பேரை நான் எழுதலை. மேல அவ பேர் இருந்ததையே நான் பாக்கலை. பிரகாஷ் பேப்பரைக் கொண்டாந்தப்பதான் தெரிஞ்சுது. அதுவா வந்த பேர் பெரியப்பா."

திருடர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பொய்யை உட்கார்ந்து யோசித்து, சாட்சி தயார் செய்து, வியர்த்து உழைத்துச் சொல்வார்கள். அவர்களிடம் குறைந்தபட்சம் உழைப்பு இருந்தது. இவன் சொந்தமாக ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. ஒரு இயந்திரம் தவறுதலாகச் சொன்ன பொய்க்குப் பின்னால் பதினொரு நாள் ஒளிந்துகொண்டு, ஒரு பெண்ணின் வயிற்றில் அடிக்கும் கடிதத்தில் என் அப்பாவின் பெயரால் கையெழுத்துக் கேட்டான்.

"மேலே ஒருத்தர் பேர், கீழே இன்னொருத்தர் வேலை," என்றேன். "கம்ப்யூட்டருக்கு அது கோளாறு. வாசல்லயும் அப்படித்தான் இருக்குன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அவன் தலை குனிந்தான். நாஸியா எழுந்து நின்றாள். அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன், முனிவீரப்பாவின் மூத்த மகனாக. அவள் நாளைக்குக் காலை ஷிப்டுக்கு வரலாமா என்று மட்டும் கேட்டாள். வரவேண்டும் என்றேன். கரீம் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். முதல்முறையாக நாற்காலியின் முதுகில் சாய்ந்தார்.

மணி பதினொன்று ஐம்பது. பிரகாஷிடம் அந்த இரண்டு கடிதங்களும் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது சார், அழித்துவிடட்டுமா என்றார்.

"வேணாம். வெங்கடம்மா, நீ உக்காரு."

அவள் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கடிதம் திரையில் வந்தது. கடமை தவறியது, நம்பிக்கைத் துரோகம், நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம், ஒரு மனிதனின் உயிருக்கு ஆபத்து விளைவித்தது. எம்.பி.ஏ. நன்றாகவே எழுதியிருந்தார்.

"பேரையும் பதவியையும் மாத்து," என்றேன். "அவ பேர் இருக்கற எடத்துல எல்லாம் அவன் பேர்."

"மத்ததுங்கய்யா?"

"ஒரு எழுத்தும் தொடாதே. அப்படியே நிக்கட்டும்."

"பெரியப்பா," என்றான் ஹரீஷ்குமார்.

வெங்கடம்மா ஆறு இடங்களில் மாற்றினாள். கண் சிமிட்டும் நேரம்தான் ஆனது. பிரிண்டர் இரண்டு காகிதங்களைத் துப்பியது. மை மங்கல்தான், ஆனால் பெயர் தெரிந்தது.

ஹரீஷ்குமாரின் சட்டைப் பையிலிருந்து அந்தப் பேனாவை நானே எடுத்தேன். மூடியைக் கழற்றி நீட்ட இந்த முறை அவனுக்குத் தோன்றவில்லை.